வானத்துக்கு லைன் போட்ட ஆன்ட்டி

எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எந்தத் தொலைபேசி அழைப்பையும் தானாகத் துண்டித்ததில்லை. எதிர்முனையில் இருப்பவர் வைத்த பிறகுதான் வைப்பார். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கும் பெண்களானாலும் சரி, தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டு விழிப்பவர்களானாலும் சரி, எல்லோருக்கும் இதே மரியாதைதான்.

ஒரு நாள் நான் அவர் வீட்டுச் சமையலறையில் இருந்தபோது ஒரு மோசடிக்காரன் அழைத்தான். ஆன்ட்டியின் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, அதில் போதைப்பொருள் இருக்கிறது, தான் போலீஸ்காரன் என்று மலாயில் மிரட்டினான். ஆன்ட்டி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே பதில் சொன்னார். குரல் கட்டியிருக்கிறதே, தண்ணீர் குடித்தாயா என்று கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இப்படிப் பேச வேண்டியிருக்கிறது என்று கேட்டார். அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அவனும் மிரட்டலை மறந்து, "கெடாவில்" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும், சட்டென்று வைத்துவிட்டான்.

"பாவம்மா, பேச ஆள் இல்ல போல" என்று ஆன்ட்டி நெத்திலிப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

பத்தொன்பது வயதிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாரு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர் அவர். காதில் குமிழ், கையில் ஒயர் என்று இந்த ஊரையும் அந்த ஊரையும் இணைத்துவிடும் வேலை. "முதல்ல வைக்கிற உரிமை ஆபரேட்டருக்குக் கிடையாதும்மா. ரெண்டு பக்கமும் பேசி முடிச்சாங்களான்னு பாத்துட்டுத்தான் ஒயரைப் புடுங்கணும்" என்பார். அந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்த ஆன்ட்டிதான் பெர்மாஸ் ஜெயாவில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு வேற்றுக்கிரகவாசிகளைக் கூப்பிட்டவர்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குத் திக்குவாய். இப்போதும் உண்டு, அப்போது இன்னும் அதிகம். ரெங்கம் என்ற எஸ்டேட் ஊரில் வளர்ந்து, கல்யாணமாகி பெர்மாஸ் ஜெயாவுக்குக் குடிவந்தேன். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். நான் ஒரு பல் கிளினிக்கில் கருவிகளைக் கழுவிக் கொதிநீராவியில் வைத்து எடுக்கும் வேலை பார்த்தேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே தேடிப் பிடித்த வேலை அது.

குடிவந்த முதல் வாரத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய் வழியாகக் கொட்ட ஆரம்பித்தது. கீழே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி வாசலில் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் வேலியருகே ஓடிப்போய் வாயைத் திறந்தேன். "த... த... த..."

இந்த மாதிரி நேரங்களில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு அத்துப்படி. இரக்கப்பட்டு எனக்குப் பதிலாக அவர்களே சொல்லிவிடுவார்கள். தபாலா, தக்காளியா, தம்பியா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். சிலர் வேறு பக்கம் பார்ப்பார்கள். ஆன்ட்டி எதுவும் செய்யவில்லை. மண்வாரியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, வேறு வேலையே இல்லாதவரைப் போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சடசடவென்று படுக்கை விரிப்பின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

"த... தண்ணித் தொட்டி... ந... நிரம்பிருச்சு ஆன்ட்டி."

"ஓ, அப்படியா! நல்லவேளை சொன்னம்மா" என்று அப்போதுதான் திரும்பி ஓடினார். துணி முழுவதையும் மறுபடி அலசிப் போட வேண்டியதாயிற்று.

பழகிய பிறகு கேட்டேன், தண்ணீர்ச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லையா என்று. "கேட்டுச்சே. நீ பேசிக்கிட்டு இருந்த இல்ல? நடுவுல எப்படிம்மா போறது?" என்றார்.

அன்றிலிருந்து கிளினிக் விட்டு வந்ததும் அவர் வீட்டுக்குப் போவது என் வழக்கமாகிவிட்டது.

ஆன்ட்டியின் வீட்டுக்காரர் இறந்து வெகுநாளாகியிருந்தது. ஒரே மகள் மெல்பர்னில் இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், பேரங்காடி ஒன்றில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிலர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவில் எங்கோ ஜப்பானிலிருந்து ஒருவர் வணக்கம் சொன்னாராம். "எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சும்மா. அதே சத்தம். பழைய எக்ஸ்சேஞ்ச் சத்தம்" என்பார். உரிமம் வாங்கப் பரீட்சை எழுதினார். முதல் தடவை தோற்றார். மின்சாரப் பகுதியில் கேட்டது ஒன்றுமே புரியவில்லையாம். இரண்டாம் தடவை தேறி, கையடக்கக் கருவி ஒன்றை வாங்கினார். பிளாஸ்டிக் குழாயில், தையற்காரர் நாடா அல்ல, தச்சர்களின் இரும்பு அளவு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டி ஒரு ஏரியலும் செய்துகொண்டார். பார்ப்பதற்குப் பெரிய மீன்முள் போல இருக்கும்.

சாயங்காலம் சூரா என்கிற சின்னப் பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஓய்ந்ததும் ஆன்ட்டி மீன்முள்ளோடு வாசலுக்கு வருவார். தெற்கே, சிங்கப்பூர் வெளிச்சத்துக்கு மேலே நீட்டிப் பிடிப்பார். வருஷத்தின் நடுவில் சில மாதங்கள், நமக்கு மிக அருகில் இருக்கிற விண்மீன் அந்தத் திசையில்தான் தெரியும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். பிறகு பொத்தானை அழுத்துவார். அவர் குரல் மாறிவிடும். இளகி, தெளிந்து, இருபது வயதுப் பெண்ணின் குரலாகிவிடும்.

"வணக்கம். யாராவது கேட்டுக்கிட்டு இருக்கீங்களா? இது பூமி. மலேசியா, ஜொகூர், பெர்மாஸ் ஜெயா."

தமிழில் சொல்லி, மலாயில் சொல்லி, ஆங்கிலத்தில் சொல்லி, முனை வீட்டு சீன அங்கிள் கற்றுக் கொடுத்த ஒரு வரியைச் சீனத்திலும் சொல்லுவார். பிறகு பொத்தானை விட்டுவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார்.

தினமும் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளும் என் கணவர் முதல் தடவை இதைப் பார்த்தபோது, "ஆன்ட்டி, அந்த நட்சத்திரத்துக்கும் சிங்கப்பூரைத் தாண்டித்தான் போகணுமா? அப்ப காஸ்வே ஜாம்ல மாட்டிக்கும் லா" என்றார். ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் பொத்தானை அழுத்திவிட்டார். அந்தச் சிரிப்பும் வானத்துக்குப் போயிருக்கும்.

தன் கருவி எவ்வளவு சின்னது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "இது பக்கத்துல இருக்கிற ஸ்கூடாயைத் தாண்டினாலே பெரிசும்மா" என்று அவரே சொல்வார். அங்கே போய்ச் சேரவே நாலு வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதும் தெரியும். பிறகு ஏன் என்று நான் கேட்டேன். கேட்டு முடிக்க எனக்குச் சற்று நேரமாயிற்று.

"கூப்பிடலைன்னா கண்டிப்பா எடுக்க மாட்டாங்க. கூப்பிட்டா ஒருவேளை எடுக்கலாம். அவ்ளோதான்."

கோயில் பூசை முடிந்து வெளியே வரும்போது மாதர் சங்கத்துப் பெண்மணி ஒருவர், "ஆண்டவர் படைச்ச மனுஷங்க போதாதா உங்களுக்கு?" என்று கேட்டாராம். "அவங்களையும் அவர்தானே படைச்சிருப்பாரு? அப்ப சொந்தக்காரங்கதான்" என்று ஆன்ட்டி சொன்னாராம்.

உண்மையான எதிர்ப்பு முனை வீட்டிலிருந்துதான் வந்தது. ஆன்ட்டி பொத்தானை அழுத்தும்போதெல்லாம் சீன அங்கிள் வீட்டுத் தானியங்கிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. கதவு திறந்தால் அவருடைய கறுப்பு நாய் வெளியே பாய்ந்து தெருமுனை வரை ஓடும். ஒரு வாரம் காரணம் தெரியாமல் மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஒரு சாயங்காலம் கதவு திறந்த அதே நொடியில் எதிரே ஆன்ட்டி வானத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"அலமாக், ஆன்ட்டி!" என்று நாயைத் துரத்திக்கொண்டே கத்தினார். "அவங்க வந்து இறங்கினா முதல்ல என் வீட்டுக்குள்ளதான் வருவாங்க!"

மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து பேசுவார் அவர். ஆன்ட்டி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். அலைவரிசையை மாற்றிப் பார்த்தார், இடத்தை மாற்றி நின்று பார்த்தார். கதவு எப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்கும், பெரும்பாலும் கேட்காது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கூப்பிடுவதற்கு முன் ஆன்ட்டி கையை ஆட்டுவார். அங்கிள் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலில் உட்காருவார். கதவு திறக்கும், மூடும். ஒரு மாதத்தில் அந்த நாற்காலி எங்கள் பக்கமே வந்துவிட்டது. அவரும் தலையைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தார்.

பதிலே வராத இடத்தில் எப்படி இப்படி நின்றுகொண்டிருக்க முடிகிறது என்று எனக்குப் புரிந்தது ஆன்ட்டி ஒரு கதை சொன்ன நாளில்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் ரெங்கம் பக்கத்து எஸ்டேட் அலுவலகத்திலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு அழைப்பு கேட்டார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் ஒரு அம்மா, அங்கே வேலைக்குப் போன தன் மகனோடு முதல் தடவையாகப் போனில் பேசப் போகிறார். ஆன்ட்டி இணைத்துவிட்டார். மகன் "அம்மா, அம்மா" என்கிறான். எஸ்டேட் பக்கம் சத்தமே இல்லை. மேற்பார்வையாளர், ஆள் இல்லை, வெட்டிவிடு என்கிறார். ஆன்ட்டி வெட்டவில்லை. அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"அந்த அம்மாவுக்குப் பேசலாம்னே தெரியலைம்மா. மகன் குரல் அவ்ளோ சின்னக் குழாய்க்குள்ளேருந்து வருதேன்னு மலைச்சுப் போய் நின்னிருக்காங்க. நான்தான் மெதுவா, 'பேசுங்கம்மா, உங்க மகன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு'ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என்னா பேச்சு தெரியுமா! மாட்டுக்குக் கன்னு பொறந்ததுலேருந்து எல்லாம்."

தெற்கே கை காட்டினார். "சத்தம் இல்லைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம் இல்ல. என்னா பேசுறதுன்னு தெரியாம நிக்கிறாங்களோ என்னவோ."

தெருவில் யாரோ ஆன்ட்டியைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். மீன்முள்ளை நீட்டிக்கொண்டு, "யாராவது கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்கும் காட்சி. அது எங்கெங்கோ சுற்றி மெல்பர்னில் இருந்த மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் மூன்று வார விடுப்பெடுத்துப் பறந்து வந்தாள்.

அவளைக் கெட்டவளாக நான் நினைத்ததே இல்லை. வந்த மறுநாள் சமையலறையில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் அங்கேருந்து கூப்பிட்டு மம்மி எடுக்கலைன்னா, திரும்ப எடுக்குற வரைக்கும் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமாக்கா? விழுந்துட்டாங்களா, மயங்கிட்டாங்களான்னு. இப்ப இது வேற."

தாயை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். துணைக்கு நானும் போனேன். தமிழ் டாக்டர், இளைஞர். கடிகாரம் வரையச் சொன்னார், எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ஆன்ட்டி எல்லாம் செய்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டபோது, "ஏன், உங்களுக்கு மறந்துபோச்சா?" என்று கேட்டார். பிறகு டாக்டர் மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"ஆன்ட்டி, வானத்துல இருக்கிறவங்களோட பேசுறீங்களாமே?"

"நான் பேசுறேன்."

"அவங்க பதில் சொல்றாங்களா?"

"இல்லையே டாக்டர். அவங்க பேசுற மாதிரி எனக்குக் கேட்டுச்சுன்னாதானே உங்ககிட்ட வரணும்? எனக்கு ஒண்ணுமே கேட்கலையே. அதனால நல்லாத்தான் இருக்கேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "பதில் வந்தா உடனே எனக்குப் போன் பண்ணுங்க" என்று டாக்டர் தன் எண்ணைக் கொடுத்தார்.

நினைவில் குறை இல்லை, ஆனால் இந்த வயதில் தனியாக இருப்பதுதான் யோசிக்க வேண்டியது என்று அவர் சொன்னதை மகள் பிடித்துக்கொண்டாள். மறுநாளே வீட்டைப் பார்க்க ஒரு ஏஜென்ட் வந்தார். அறை அறையாகப் படம் எடுத்தார். ஆன்ட்டி அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தார். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அன்று சாயங்காலம் பாங்கு ஓய்ந்தது. ஆன்ட்டி வெளியே வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த சீன அங்கிள் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இன்னைக்கும் இல்லையா? நாய் காத்துக்கிட்டு இருக்கு" என்று குரல் கொடுத்தார். உள்ளே விளக்கு எரிந்தது. பதில் இல்லை. அந்த வீட்டிலிருந்து பதில் வராமல் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மகள் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, வெயில் இறங்கும் நேரம், நான் போய்க் கதவைத் தட்டினேன். மனிதர்கள் தங்கி வேலை செய்யும் விண்வெளி நிலையம் ஒன்று பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறதல்லவா, அது எங்கள் தலைக்குமேல் போகும் நேரங்களை ஆன்ட்டி எனக்குச் சொல்லிவைத்திருந்தார். அங்கே இருப்பவர்களிடமும் அமெச்சூர் வானொலி உண்டு. ஓய்வு கிடைத்தால் எடுத்துப் பேசுவார்கள் என்று சொல்வார். பல தடவை கூப்பிட்டும் அவருக்கு இரைச்சல்தான் கிடைத்திருந்தது.

"வ... வாங்க ஆன்ட்டி" என்றேன். "ச... சனிக்கிழமை. அவங்களுக்கும் லீவுதான்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் தோளைக் குலுக்கினாள். ஆன்ட்டி செருப்பை மாட்டிக்கொண்டு மீன்முள்ளை எடுத்தார்.

வாசலில் நால்வர் நின்றோம். ஆன்ட்டி, நான், நாயோடு சீன அங்கிள், கதவு நிலையில் கையைக் கட்டிக்கொண்டு மகள். ஆன்ட்டி தென்மேற்கே தாழ்வாக நீட்டி, உரிமத்தோடு தனக்குக் கிடைத்த அழைப்பு எழுத்துகளைச் சொல்லி, ஜொகூரிலிருந்து பேசுகிறேன் என்றார். இரைச்சல். மறுபடி சொன்னார். இரைச்சல். ஏரியலை மெல்ல உயர்த்திக்கொண்டே மூன்றாம் தடவை சொன்னார்.

இரைச்சல் பட்டென்று அடங்கியது. ஒரு பெண் குரல், ஏதோ பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலத் தெளிவாக, ஆன்ட்டியின் எழுத்துகளைத் திருப்பிச் சொன்னது. வணக்கம் ஜொகூர், விண்வெளி நிலையத்திலிருந்து பேசுகிறேன், நன்றாகக் கேட்கிறது என்றது.

அவர் பேசியது ஆங்கிலம். என் நினைவில் அது தமிழாகவே நிற்கிறது.

ஆன்ட்டி பொத்தானை அழுத்தினார். எங்களுக்கும் நன்றாகக் கேட்கிறது என்றார். நீங்கள் இப்போது என் வீட்டுக் கூரைக்கு மேலே இருக்கிறீர்கள் என்றார். அந்தப் பெண் சிரித்தார். மேகம் விலகியிருக்கிறது, உங்கள் தீவுகளும் நீரிணையும் தெரிகின்றன என்றார். உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

ஆன்ட்டி சட்டென்று கருவியை என் வாயருகே நீட்டினார்.

அந்த நிலையம் எவ்வளவு வேகமாகப் போகிறது, சில நிமிஷங்களில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும் என்று எல்லாம் தெரியும். வாயைத் திறந்தேன். "வி... வி... வி..." முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டேன். மகள் ஓரடி முன்னால் வந்தாள், உதவத்தான். ஆன்ட்டி ஏரியலைத் திருப்பியபடியே, பார்வையாலேயே அவளை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வானத்தில் இருந்த பெண்ணும் காத்திருந்தார். அங்கிள் நாயின் வாயை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"வி... வி ஆர் ஆல்... ஃபைன் டவுன் ஹியர்" என்றேன். நாங்கள் கீழே எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

பிறகு அந்தக் குரல், அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா, நன்றி என்றது. இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கியபோது இரைச்சல் ஏறி, குரல் அதற்குள் கரைந்து போயிற்று. ஆன்ட்டி வடகிழக்கே தாழ்வாக ஏரியலைப் பிடித்தபடி இன்னும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கத்தினோம். அங்கிள் கத்தினார், நாய் குரைத்தது, நான் ஆன்ட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து, யாருக்கு லாட்டரி விழுந்தது என்று கேட்டார்கள். ஆன்ட்டி கைபேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார்.

"டாக்டர், நான்தான். பதில் வந்திருச்சு. நான் இப்ப வரணுமா?"

மறுமுனையில் என்ன சொன்னாரோ, ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

மகள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. "மம்மி, அவங்க எவ்ளோ தூரத்துல இருந்தாங்க?" என்று கேட்டாள்.

ஆன்ட்டி யோசித்தார். "நேரா மேல போனா, கோலாலம்பூர் போற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்." பிறகு, குறையாக இல்லாமல், வெறும் கணக்கைச் சொல்வது போலச் சேர்த்துக்கொண்டார். "மெல்பர்ன்தான்மா ரொம்பத் தூரம்."

அன்று சாயங்காலம் பாங்கு ஓய்ந்ததும் ஆன்ட்டி வழக்கம்போல் தெற்கே நீட்டினார். இது ஆச்சரியமாக இருந்தது எங்களுக்கு. இனி என்ன வேண்டும்? "அது நம்ம ஊர்க்காரங்கம்மா. மேல போயிருக்காங்க, அவ்ளோதான். நான் கூப்பிடுறது வேற ஆளுங்களை இல்ல?" என்றார். மகள் பக்கத்தில் நின்று ஏரியலைப் பிடித்துக்கொண்டாள். ஏஜென்ட்டிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று அவளே போனில் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆன்ட்டி எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். எனக்கும் ஒரு மாற்றம் வந்தது. கிளினிக்கில் வரவேற்புப் பெண் விடுப்பில் இருந்த ஒரு நாள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்தேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக இருந்தார் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன். விண்வெளிக்கே பேசியாயிற்று, பல்வலிக்காரரிடம் பேச என்ன பயம்? இன்று அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது நான்தான். இப்போதும் திக்குகிறது. அவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆன்ட்டி கடைசியில் மெல்பர்னுக்குப் போனது யாரும் வற்புறுத்தி அல்ல. மகள் போனில் பேசும்போது பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னாள். அந்த விண்மீன் எங்களுக்கு வருஷத்தில் சில மாதம்தான் தெரியும், அதுவும் தாழ்வாக. மெல்பர்னில் அது உயரத்தில் நிற்குமாம். மறைவதே இல்லையாம்.

"மறையவே மறையாதாம்மா!" என்று வேலியருகே ஓடிவந்து என்னிடம் சொன்னார். "நான் இத்தனை வருஷம் தப்பான ஊர்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்!" அடுத்த வாரமே பெட்டி கட்ட ஆரம்பித்தார்.

செனாய் விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். கோலாலம்பூர் போய் அங்கிருந்து மாற வேண்டும். மகள் வந்து அழைத்துப் போனாள். சீன அங்கிள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். மற்ற சாமான்களெல்லாம் பெட்டியில் போய்விட்டன. மீன்முள்ளை மட்டும் அவிழ்த்து, துண்டில் சுற்றி, கையிலேயே வைத்திருந்தார் ஆன்ட்டி. பயணிகள் உள்ளே போகும் வாசலில், தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்க, பாதுகாப்புப் பெண் ஒருவர் அந்த மூட்டையை நிறுத்தினார். மலாய்ப் பெண், சின்ன வயது, முகத்தில் கண்டிப்பு. பிரிக்கச் சொன்னார். பிளாஸ்டிக் குழாயும் இரும்புப் பட்டைகளும் மேசையில் விழுந்தன.

இது என்ன என்று கேட்டார். ஆன்ட்டி ஒளிக்கவில்லை. வேறு உலகத்தில் இருப்பவர்களைக் கூப்பிடும் ஏரியல் என்று மலாயில் சொன்னார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் ஒரு பட்டையை எடுத்து வளைத்துப் பார்த்தார். அளவு நாடாவின் எண்கள் அதில் இருந்தன. தலையை நிமிர்த்தி, குரலைச் சற்றுத் தாழ்த்தி, மலாயில் ஆன்ட்டி என்பதற்கான மாக்சிக் என்ற சொல்லால் அழைத்துக் கேட்டார்.

"அவங்க பதில் சொன்னாங்களா, மாக்சிக்?"

"பெலும்" என்றார் ஆன்ட்டி. இல்லை என்பதற்கு மலாயில் வேறு சொல் உண்டு. இது, இன்னும் இல்லை என்பதற்கான சொல்.

அந்தப் பெண் துண்டுகளை ஒன்றுசேர்த்து, தானே சுற்றிக் கட்டி, இரண்டு கைகளாலும் ஆன்ட்டியிடம் கொடுத்தார்.

"கிரிம் சலாம், மாக்சிக்" என்றார். எங்கள் சலாமையும் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

"சொல்றேன்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, ஆன்ட்டி எங்களைப் பார்த்து ஒரு தடவை கையை ஆட்டினார். மூட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு உள்ளே நடந்தார்.